தடை தாண்டிய மங்கை

(ஒலவக்கோடு ரயில்வே காலனியில், நம் சங்கத்து மாதர் பகுதி கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் பேசிய புலவர் பெருமக்கள் பலர். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பதிவேட்டுக்கும் கோப்புக்கும் இடையே காலம் கழிப்பவன். ஆதலின் இலக்கியத்தைத் தொட எனக்குத் துணிவில்லை. நான் கொண்டு வந்திருப்பது ஒரு காகிதம் மட்டுமே. அதை முதலில் படித்துவிடுகிறேன்.

"ஆண்டு விழா விளையாட்டுப் போட்டிகள். ஆண்கள்: நூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், கபடி, கயிறு இழுத்தல். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியர்: எலுமிச்சம்பழமும் கரண்டியும், இசை நாற்காலி. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்கள்: கோலப் போட்டி."

இது நம் சங்கத்துச் சென்ற ஆண்டுப் பட்டியல். எழுதியவன் நானே. ஆறு ஆண்டுகளாக ஆண்டை மட்டும் மாற்றி இதையே எழுதி வருகிறேன். எவரும் ஏனென்று கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. செயலாளர் அம்மையார், "பல விளையாட்டுகளில் சிறந்த ஒரு வீராங்கனையைப் பற்றி இந்த முறை நீங்கள் பேசுங்கள்" என்று பணித்தார்கள். பேசுவதற்காகப் படித்தேன். படித்த பின் என் கையெழுத்தில் உள்ள இந்தப் பட்டியலைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஏன் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

அன்பர்களே, பெண்கள் ஓடலாகாது என்று எண்ணியவர்கள் நாம் மட்டுமல்லர். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓட்டம் முடிந்து சிலர் களைத்துச் சாய்ந்தனர் என்பதைக் காரணம் காட்டி, அந்தப் போட்டியையே நீக்கினார்கள். மீண்டும் அது சேர்க்கப்பட்டது 1960இல், ரோம் நகரில். ஓடிக் களைத்த ஆண்களைக் கண்டு எவரும் ஓட்டத்தை நீக்கியதாக நான் படித்ததில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவில் தோன்றியவர்தாம் மில்ட்ரெட் டிட்ரிக்சன் என்னும் பெண். பேப் என்று உலகம் அழைத்தது. நார்வே நாட்டிலிருந்து பிழைப்புக்காக டெக்சாஸ் வந்த குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். வாளையாறு கடந்தும் போடிமெட்டு கடந்தும் இந்நாட்டுக்கு வந்த நம்மைப் போல அவர்களும் வந்தேறிய குடிகளே. டல்லஸ் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அவருக்கு அலுவலக வேலை கொடுத்தது. உள்நோக்கம், தன் கூடைப்பந்துக் குழுவில் அவர் ஆட வேண்டும் என்பது. ஆகவே அவரும் என்னைப் போன்ற குமாஸ்தா இனத்தவர்தாம் என்று நான் பெருமை கொள்கிறேன்.

1932 ஜூலை 16 அன்று நடந்த அமெரிக்க தேசியத் தடகளப் போட்டிக்கு அந்த நிறுவனம் ஓர் அணியை அனுப்பியது. அணியில் இருந்தவர் பேப் ஒருவரே! ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டிகளில் இறங்கினார். ஐந்தில் வென்றார், ஒன்றில் முதலிடத்தைப் பகிர்ந்தார். அவர் பெற்ற புள்ளிகள் 30. இரண்டாம் இடம் பெற்ற அணியில் 22 பெண்கள். அவர்கள் பெற்றவை 22 புள்ளிகள். அதையடுத்து நடந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், ஒரு பெண் மூன்று போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. அந்த மூன்றிலும் பதக்கம் பெற்றார்: ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடையோட்டத்திலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி. பின்னர் கோல்ஃப் ஆட்டத்தில் முதன்மை பெற்றார். 1953இல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மறு ஆண்டே அமெரிக்க மகளிர் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை 12 வீச்சு முன்னிலையில் வென்றார். 1956இல், 45ஆம் வயதில் மறைந்தார்.

"அது அமெரிக்கா" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, நம் நாட்டுக்கு வருவோம். பம்பாய் பாந்த்ராவில் 1931இல் பிறந்தவர் மேரி டிசூசா. ஓட்டமும் அவருடையது, ஹாக்கியும் அவருடையது. இரண்டிலும் இந்தியாவின் சார்பில் ஆடியவர். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடிய முதல் இந்தியப் பெண்கள் இருவர். ஒருவர் நீலிமா கோஷ், மற்றவர் மேரி. 1954இல் மணிலாவில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நால்வருள்ளும் அவர் ஒருவர். ஆனால் மகளிர் ஹாக்கியோ 1980 வரை ஒலிம்பிக்கில் சேர்க்கப்படவில்லை. கையில் மட்டை இருந்தது. ஆடச் செல்லக் களம் இல்லை. அவருக்குத் தியான் சந்த் விருது கிடைத்தது 2013இல். ஹெல்சிங்கி ஓட்டத்துக்கும் அவ்விருதுக்கும் இடையே 61 ஆண்டுகள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தாய்மார்களே, டெக்சாஸும் பம்பாயும் தொலைவில் உள்ளவை. இனி நான் சொல்லப்போகும் பெண் பயின்ற இடம், நாம் காய்கறி வாங்கச் செல்லும் தூரம்தான்.

கண்ணூர் மாவட்டத்து மலைப்பகுதியில் ஒற்றத்தை என்றொரு சிற்றூர். அங்கு 1960இல் பிறந்தவர் எம். டி. வல்சம்மா. பள்ளி நாட்களிலேயே ஓடத் தொடங்கியவர். ஆயினும் விளையாட்டையே வாழ்வாகக் கொண்டது மேற்படிப்புக்காக நம் பாலக்காட்டு மெர்சி கல்லூரிக்கு வந்த பிறகுதான். 1964இல் தொடங்கப்பெற்ற மகளிர் கல்லூரி அது. நம் காலனிப் பெண்களும் பயிலும் இடமாதலின் விவரிக்க வேண்டியதில்லை. வீட்டைவிட்டு இத்தனை தொலைவுக்கு ஒரு மலைநாட்டுப் பெண்ணைப் படிக்க அனுப்பிய அந்தப் பெற்றோரை நான் முதலில் வணங்குகிறேன்.

1979இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த போட்டியில் அவர் வென்றவை இரண்டு: 100 மீட்டர் தடையோட்டம், பென்டாத்லான். பென்டாத்லான் என்பது ஐந்து போட்டிகள் சேர்ந்த ஒரு போட்டி. தடையோட்டம், உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், முடிவில் மற்றோர் ஓட்டம். ஐந்திலும் பெறும் புள்ளிகளைக் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படும். காலில் விரைவும், தோளில் வலிவும், துள்ளலில் அளவும், நெஞ்சில் தாங்கும் திறனும் ஒருங்கே அமையாதவர் இதில் நிற்க முடியாது. நம் ஊர் வழக்கில் சொன்னால், சோறும் குழம்பும் ரசமும் கூட்டும் பாயசமும் ஒருவரே சமைத்து, எதிலும் உப்புக் குறையாமல் பரிமாறுவது போன்றது!

பின்பு அவர் தென்னக ரயில்வேயில் சேர்ந்தார். ஆம், நம் ரயில்வேதான். ஏ. கே. குட்டி என்னும் பயிற்சியாளர் அவரைப் பழக்கினார். அந்த ஆசானுக்குத் துரோணாச்சாரியர் விருது கிடைத்தது 2010இல். 1981இல் பெங்களூரில் நடந்த மாநிலங்களுக்கிடையேயான போட்டியில் வல்சம்மா வென்ற தங்கங்கள் ஐந்து: 100 மீட்டர் தடையோட்டம், 400 மீட்டர் தடையோட்டம், 400 மீட்டர் ஓட்டம், இரண்டு தொடர் ஓட்டங்கள். அன்றுதான் நாடு அவர் பெயரை அறிந்தது.

400 மீட்டர் தடையோட்டம் எத்தகையது என்பதைச் சற்று விளக்க அனுமதியுங்கள். களத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம். வழியில் பத்துத் தடைகள். பெண்களுக்கு ஒவ்வொரு தடையும் 76 சென்டிமீட்டர் உயரம்; ஏறக்குறைய நம் சாப்பாட்டு மேசையின் உயரம். புறப்பட்ட இடத்திலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். பிறகு 35 மீட்டருக்கு ஒரு தடை. பத்தாவதைத் தாண்டிய பின் 40 மீட்டர் வெற்றோட்டம். கூட்டிப் பாருங்கள், 400 சரியாக வரும்.

இதில் ஓட்டம் பாதி, கணக்குப் பாதி. தடைக்கும் தடைக்கும் இடையே இத்தனை அடி என்று பழகி வைத்திருப்பார்கள். ஆனால் ஆறாவது ஏழாவது தடைக்கு வரும்போது மூச்சு வாங்கும், அடி குறுகும், இடக்காலால் தாண்டப் பழகியவர்க்கு வலக்கால் முன்னே வந்து நிற்கும். அந்நேரம் எந்தக் காலாலும் தாண்டத் தெரிந்தவரே தப்புவார். 100 மீட்டர் தடையோட்டத்தில் தாண்டும் நேர்த்தி பழகியவர். 400 மீட்டரில் மூச்சு பழகியவர். பென்டாத்லானில் உடம்பு முழுவதையும் பழக்கியவர். இம்மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தபோது, இந்த நான்காவது தானாகவே அவரைத் தேடி வந்தது என்று என் சிற்றறிவுக்குப் படுகிறது. பல விளையாட்டு பயில்வது வீண் என்று சொல்வோர்க்கு இதுவே விடை. எது தன்னுடையது என்பதை ஒரு பெண் பலவற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். தொடவே விடாமல் "இவளுக்கு என்ன வரும்?" என்று கேட்பது என்ன நியாயம்?

1982ஆம் ஆண்டு டெல்லியில், புதிதாகக் கட்டிய ஜவாஹர்லால் நேரு அரங்கில், ஆசிய விளையாட்டு நடந்தது. 400 மீட்டர் தடையோட்டத்தில் வல்சம்மா 58.47 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். 1970இல் பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்று கமல்ஜித் சந்து திறந்து வைத்த வழி அது. மேரி டிசூசா வெண்கலம் பெற்ற அதே டெல்லியில், 31 ஆண்டுகளுக்குப் பின், நம் பாலக்காட்டில் பயின்ற பெண்ணின் கழுத்தில் தங்கம் விழுந்தது. அவ்வாண்டுக்கான அர்ஜுனா விருதும், 1983இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பேப் ஓடிய அதே நகரம். இந்தியாவின் 4x400 மீட்டர் மகளிர் தொடர் ஓட்ட அணி இறுதிப் போட்டிக்குச் சென்று ஏழாம் இடம் பெற்றது. அந்த நால்வர்: பி. டி. உஷா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், வல்சம்மா. இவர்களுள் ஷைனி, இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையில் பிறந்தவர். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்த நால்வரே தங்கம் வென்றார்கள். பாலக்காட்டில் பழகிய கையும் இடுக்கியில் பிறந்த கையும் ஒரே கோலை மாற்றிக்கொண்டு ஓடின என்று நினைக்கும்போது, இவ்விரு மாவட்டங்களிலும் பிழைக்க வந்த தமிழர்களாகிய நமக்கும் உள்ளம் நிமிர்கிறதன்றோ?

அந்தக் கோல் அத்துடன் கீழே விழவில்லை. இடுக்கியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில், ராஜாக்காடு பக்கத்தில் பிறந்தவர் ப்ரீஜா ஸ்ரீதரன். போடியிலிருந்து மலையேறிச் செல்லும் நம் உறவினர்க்கு அது தெரிந்த ஊர். அவரும் ரயில்வேயில் பணியேற்றவர். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். நமக்கு அடுத்த முண்டூரிலிருந்து, கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகளாகக் கிளம்பிய பி. யு. சித்ரா, 2017இல் 1,500 மீட்டரில் ஆசியத் தடகளப் பட்டம் பெற்றார். 2019இல் மீண்டும் பெற்றார்.

இவர்கள் வாழ்வைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கிற்று. ஒரு வீராங்கனை உருவாக மூன்று வேண்டும். போ என்று சொல்லும் வீடு. கற்றுக்கொடுக்கும் ஆசானோடு ஒரு மைதானம். உழைப்பை மதித்துச் சோறிடும் ஓர் உத்தியோகம். இம்மூன்றில், மைதானம் நம் காலனிக்கு எதிரில் இருக்கிறது. உத்தியோகத்துக்கு ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருப்பதை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் நீங்கள். ஆசான்மாருக்கும் பாலக்காட்டில் பஞ்சமில்லை. ஆக, குறைவது எது? முதலாவதுதான். அது மட்டும் அரசாங்கம் தர முடியாதது.

இங்கே நான் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறரைக் குறை சொல்லுமுன் தன் குறை சொல்லுதல் முறை.

எனக்கு ஒரு தங்கை. ஊர் போடிக்கு அருகே. பள்ளியில் ஓட்டம், நீளம் தாண்டுதல், எறிபந்து ஆகிய மூன்றிலும் முதற்பரிசு அவளுக்கே. பரிசென்றால் எவர்சில்வர் தம்ளர். 1997இல் அவள் எட்டாம் வகுப்பு. உடற்பயிற்சி ஆசிரியை வீட்டுக்கே வந்து, "மதுரையில் போட்டி, இரண்டு நாள் தங்க வேண்டும், என் பொறுப்பில் அழைத்துப் போய் வருகிறேன்" என்று கேட்டார்கள். எங்கள் தந்தையார் அரைமனத்தோடு இசையத்தான் இருந்தார். அப்போதுதான் பத்தாவது முடித்து, மீசை அரும்பிய பெருமையில் இருந்த நான் குறுக்கே வந்தேன். "வயதுக்கு வந்த பெண்ணை வெளியூருக்கு அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றேன். தந்தையார் என்னைப் பார்த்தார். பிறகு ஆசிரியையைப் பார்த்து, "பெரியவன் சொல்றதும் சரிதானேம்மா" என்றார். அத்துடன் அது முடிந்தது.

வல்சம்மா டெல்லியில் தங்கம் வென்று அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மலைக்கு இப்புறம் அது வரலாறு. அப்புறத்தில் எனக்கு அது செய்தியாகக்கூட வந்து சேரவில்லை. அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எவரும் வந்து எதையும் சொல்லவில்லை. சொன்னவன் நான் ஒருவனே.

சென்ற ஆண்டு மகளின் திருமணத்துக்கு அழைக்க அவள் இங்கே வந்திருந்தாள். விடியற்காலையில் நடக்கப் போகிறேன் என்றாள். நானும் உடன் சென்றேன். நம் மைதானத்தைக் கண்டதும் நின்று, "அண்ணே, இதை ஒரு சுத்துச் சுத்தினா எவ்வளவு தூரம் வரும்?" என்று கேட்டாள். "நானூறு மீட்டர் வரும்மா" என்றேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். பாதி வட்டத்தில் நடை ஓட்டமாயிற்று. மூச்சிரைக்கத் திரும்பி வந்தவள் சிரித்தாள், எதுவும் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த எவர்சில்வர் தம்ளரில்தான் அவள் வீட்டில் இன்றும் எனக்குக் காப்பி தருகிறாள்.

அவள் பெரிய வீராங்கனையாக வந்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. மதுரையில் முதல் சுற்றிலேயே தோற்றிருக்கவும் கூடும். ஆனால் தோற்கும் உரிமையும் அவளுடையதன்றோ? அதையல்லவா நான் பறித்தேன்?

அன்பர்களே, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவே இச்சங்கம் அமைத்தோம். வேற்று மொழி நாட்டில் நம் மானம் பெண்மக்களிடம்தான் இருக்கிறது என்று எண்ணி, அவர்களைச் சற்று இறுக்கியே வளர்க்கிறோம். அந்த அச்சம் எனக்கும் உண்டு. எனக்கும் பெண் பிள்ளை உண்டு. ஆயினும் ஒன்று எண்ணுங்கள். மைதானத்தில் ஓடும் பெண் நம் வாசலிலேயே நம் கண்ணெதிரில் ஓடுகிறாள். அடிபட்டு எழுந்து நிற்கவும், தோற்றுவிட்டு மறுநாள் வரவும், வென்ற தோழியின் கையைப் பற்றிக் குலுக்கவும் அங்கே கற்கிறாள். இவற்றை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வரும் பிள்ளை படிப்பில் கெடும் என்பதற்கும் நான் சான்று கண்டதில்லை.

ஆதலின் இவ்வாண்டுப் பட்டியலை மாற்றி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். செயற்குழுவின் அனுமதிக்கு முன்பே படித்துவிடுவது விதிமீறல்தான், பொறுத்தருள்க.

"பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை, பெண்கள்: 100 மீட்டர், 400 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். தாய்மார்கள்: 4x100 மீட்டர் தொடர் ஓட்டம். கோலப் போட்டி: வழக்கம்போல் உண்டு, இவ்வாண்டு முதல் ஆண்களும் கலந்துகொள்ளலாம்."

கோலத்தை நான் இகழவில்லை. புள்ளி தவறாமல் கம்பி இழுக்கும் கைக்கு அளவு தெரியும். அந்த அளவு தடை தாண்டும் காலுக்கும் வேண்டியதே. இரண்டும் இருக்கட்டும் என்பதே என் விண்ணப்பம்.

இன்னும் ஒன்று. போட்டி நாளுக்கு முன்பாக ஒரு மாதம், ஞாயிறு தோறும் காலை ஆறு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன். எனக்கு ஓட்டம் கற்பிக்கத் தெரியாது. தூரம் அளக்கவும், சுண்ணாம்புக் கோடு போடவும், நேரம் குறிக்கவும் தெரியும். பெண் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். தாய்மாரும் உடன் வாருங்கள். என் தங்கைக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். தாய்மார் தொடர் ஓட்டத்துக்கு விருந்தினர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள விதியில் இடம் உண்டா என்பதைத் தலைவர் அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.